வலிக்கிற காலும் வலிக்காத காலும்

சென்ற தவணையில் ஒருநாள் பள்ளித் திடலில் 2.4 கிலோமீட்டர் ஓட்டப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவர் ஒருவர் மட்டும் ஓடாமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆய்வுக்கூடத்திற்குப் போகும் வழியில் நின்று, என்ன என்று கேட்டேன். காலுறையைக் கழற்றிக் காட்டினார். வலது கால் கட்டைவிரல் வீங்கி, நகத்தின் ஓரம் மிளகாய்ப் பழம்போல் சிவந்திருந்தது. மூன்று வாரமாக அப்படித்தான் இருக்கிறதாம்.

"வீட்டில் சொன்னாயா?"

"நகம்தானே, டீச்சர்."

அதே மாதம் எங்கள் வீட்டில் இன்னொன்று நடந்தது. என் அப்பாவுக்கு வயது 67. பல ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. காலையில் ஈரச்சந்தைக்குப் போய்விட்டு வந்து, மத்தியானம் கோயிலுக்கும் போய் வந்தார். இரவில் செருப்பைக் கழற்றும்போது அம்மாதான் கவனித்தார். செருப்பின் அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு ஒரு சிறிய ஆணி மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் பாதத்தில் காய்ந்த இரத்தம். "எனக்கு ஒன்றும் வலிக்கவில்லையே!" என்றார் அப்பா, அதை ஒரு நல்ல செய்தியைப் போல.

இந்த இருவரில் யாருடைய காலைப் பார்த்துப் பாதநல நிபுணர் அதிகம் கவலைப்படுவார் என்று நினைக்கிறீர்கள்? கட்டுரையைப் படித்துக்கொண்டே யோசியுங்கள். முதலில் உங்கள் கால்களைப் பற்றிப் பேசுவோம்.

ஓர் ஓட்டம், 1,200 அடிகள்

உங்கள் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் 52. பெரியவர் ஒருவரின் உடலில் மொத்தமே 206 எலும்புகள்தான். அதாவது கால்பங்கு எலும்புகள் காலின் அடியில் இருக்கின்றன. ஏன் இத்தனை? ஒரே வேளையில் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியிருப்பதால்தான். காலை ஊன்றும்போது பாதம் வளைந்து கொடுத்து அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். அடுத்த நொடியே இறுகி, உடலை முன்னே தள்ள வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தரை உங்கள் பாதத்தின்மீது செலுத்தும் விசை, உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. நடுவில் இரண்டரை என்று எடுத்துக்கொண்டால் 125 கிலோ எடைக்கு ஈடான விசை. ஓரடிக்கு ஒரு மீட்டர் வீதம் 2.4 கிலோமீட்டருக்கு 2,400 அடிகள். ஒரு காலுக்கு 1,200. ஓர் ஓட்டத்தில் ஒரு பாதம் 1,200 முறை அந்த விசையைத் தாங்குகிறது. நகம் உறுத்துகிறது, காலணி இறுக்குகிறது என்பதையெல்லாம் "சின்ன விஷயம்" என்று ஒதுக்கிவிட முடியாது. சின்ன விஷயமே 1,200 முறை நடக்கிறது.

காலணியும் காலாணியும்

தமிழில் 'காலணி' என்ற சொல்லோடு ஒரே ஒரு துணைக்கால் சேர்த்தால் 'காலாணி' ஆகிவிடும். நிஜத்திலும் இரண்டுக்கும் இடைவெளி அவ்வளவுதான். பொருந்தாத காலணிதான் பெரும்பாலும் காலாணியை உண்டாக்குகிறது.

அறிவியல் வகுப்பில் படித்த சூத்திரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். விசையைப் பரப்பளவால் வகுத்தால் அழுத்தம். அதே விசை சிறிய இடத்தில் குவிந்தால் அழுத்தம் கூடும். காலணியின் முன்பகுதி குறுகலாக இருந்தால் சுண்டுவிரலின் மேட்டில் ஒரு புள்ளியில் உடலின் பாரமும் உரசலும் சேர்ந்து விழுகின்றன. தோல் சும்மா இருக்காது. தன்னைக் காத்துக்கொள்ளக் கெராட்டின் என்ற புரதத்தை அடுக்கடுக்காகச் சேர்த்துத் தடிமனாகிறது. அகலமாகத் தடித்தால் அது காய்ப்பு. ஒரே புள்ளியில் அழுத்தம் தொடர்ந்தால், தடித்த தோல் கூம்பு வடிவில் உள்நோக்கி இறங்குகிறது. அதன் கூர்மையான முனை நரம்பை அழுத்தும்போது ஆணி குத்துவதுபோல் வலிக்கிறது. நம் முன்னோர் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காலாணியைப் பிளேடால் செதுக்குவது பல வீடுகளில் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். எங்கே தடித்த தோல் முடிகிறது, எங்கே உயிருள்ள தோல் தொடங்குகிறது என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. பாதநல நிபுணர் அதே வேலையைக் கிருமி நீக்கிய கத்தியால் சில நிமிடங்களில், பெரும்பாலும் வலியே இல்லாமல் செய்துவிடுவார். ஆனால் அவருடைய உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. உங்கள் காலணியை வாங்கித் திருப்பிப் பார்ப்பார். அடிப்பகுதி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, உள்ளே எந்த இடம் பளபளப்பாகியிருக்கிறது என்று துப்பறிவார். காரணத்தைக் களையாவிட்டால் செதுக்கிய காலாணி சில வாரங்களில் திரும்பி வந்துவிடும்.

எல்லாக் காய்ப்பும் எதிரி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இணைப்பாட நடவடிக்கையாக இந்திய நடனம் ஆடும் மாணவிகளைக் கேளுங்கள். வெறுங்காலால் தட்டி ஆடி ஆடி அவர்களுடைய பாதங்களில் உருவாகும் காய்ப்பு ஒரு கவசம். வெடிப்போ வலியோ இல்லாதவரை அதை முழுதாக எடுத்துவிட நல்ல நிபுணர் யாரும் அவசரப்படமாட்டார்.

காலாணி என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது சில வேளைகளில் மருவாக இருக்கும். பாத மருவுக்குக் காரணம் பாப்பிலோமா வகையைச் சேர்ந்த ஒரு கிருமி. நீச்சல்குளம், பொதுக் குளியலறை போன்ற ஈரமான தரையில் வெறுங்காலோடு நடக்கும்போது தொற்றும். இரண்டையும் வேறுபடுத்த ஒரு வழி இருக்கிறது. நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் காலாணி. இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலிப்பது பெரும்பாலும் மரு. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கைரேகைபோல் பாதத்திலும் கோடுகள் உண்டு. காலாணியின்மீது அந்தக் கோடுகள் தொடர்ந்து ஓடும். மருவைச் சுற்றி விலகிப் போகும். மருவில் தெரியும் கரும்புள்ளிகள் உறைந்த நுண்ணிய இரத்தக் குழாய்கள். சிறுவர்களுக்கு வரும் மருக்கள் பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளில் தாமாகவே மறைந்துவிடும். வலித்தாலோ பரவினாலோ மட்டும் சிகிச்சை எடுத்துக்கொண்டால் போதும்.

நகத்தின் ஓரத்தில் நடக்கும் போர்

திடலோரத்து மாணவரிடம் திரும்பி வருவோம். அவர் ஒவ்வொரு முறை நகம் வெட்டும்போதும் மூலையை வட்டமாக, உள்ளே குடைந்து வெட்டியிருக்கிறார். வெட்டும்போது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூர்முனை மிஞ்சிவிடுகிறது. நகம் வளர வளர அந்த முனை பக்கத்துச் சதைக்குள் ஈட்டிபோல் நுழைகிறது. உடலுக்கு அது தன் நகம் என்றெல்லாம் தெரியாது. தோலைக் கிழித்து நுழைந்த எதையும் அது அந்நியப் பொருளாகவே நடத்தும். வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. வீக்கம், சிவப்பு, சீழ். வலி தாங்காமல் மறுபடியும் மூலையைக் குடைந்து வெட்டுகிறோம். மறுபடியும் முனை.

இந்தச் சுழலை நிறுத்த நகத்தை நேர்கோடாக வெட்டினால் போதும். விரல் நுனியைவிடக் குட்டையாக வெட்ட வேண்டாம். மூலை கூராக இருந்தால் அரம் கொண்டு லேசாகத் தேய்த்துவிடலாம்.

சீழ் வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் போதாது. பாதநல நிபுணர் விரலின் அடியில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நகத்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டையை மட்டும் வேர்வரை எடுத்துவிடுவார். பிறகு அந்த வேர்ப்பகுதியில் ஃபீனால் என்ற வேதிப்பொருளைத் தடவுவார். அந்த ஓரத்தில் நகத்தை உற்பத்தி செய்யும் செல்கள் அதோடு அழிந்துவிடும். கட்டுப் போட்டுக்கொண்டு அன்றே வீட்டுக்கு நடந்து போகலாம்.

ஃபீனாலுக்குப் பழைய பெயர் கார்பாலிக் அமிலம். 1865ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து வெளியே வந்திருந்த 11 வயதுச் சிறுவனின் காயத்தில் இதைத்தான் பயன்படுத்தினார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காலைப் பெரும்பாலும் வெட்டி எடுத்துவிடுவார்கள். சிறுவன் ஆறு வாரத்தில் எழுந்து நடந்தான். கிருமிநாசினியோடு அறுவைச் சிகிச்சை செய்யும் முறை இப்படித்தான் வளர்ந்தது. ஒரு சிறுவனின் காலைக் காப்பாற்றிய அதே பொருள் இன்றும் உங்கள் வயதுப் பிள்ளைகளின் கால்விரல்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

சேறு இல்லாத ஊரில் சேற்றுப்புண்

விரலிடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, உரிந்து, அரிக்கிறதா? ஆங்கிலத்தில் அதற்கு விளையாட்டு வீரர்களின் பெயரை வைத்திருக்கிறார்கள். தமிழில் சேற்றுப்புண். வயல் சேற்றில் நாள்முழுதும் நின்று நாற்று நட்டவர்களுக்கு வந்ததால் அந்தப் பெயர். சிங்கப்பூரில் வயல் ஏது? நமக்குச் சேறு காலணிக்குள்ளேயே இருக்கிறது. உள்ளங்காலில் சதுர சென்டிமீட்டருக்கு நூற்றுக்கணக்கில் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. காலை ஏழு மணிக்குப் போட்ட காலுறையைச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கழற்றுகிறீர்கள். நடுவில் உடற்பயிற்சி வகுப்பு, ஒருவேளை மழை. வெதுவெதுப்பு, இருட்டு, ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தோலில் இருக்கும் கெராட்டின்தான் அதற்குச் சாப்பாடு.

மருந்துக்கடையில் கிடைக்கும் பூஞ்சை எதிர்ப்புக் களிம்பு பெரும்பாலும் கேட்கும். ஆனால் நான் பார்த்தவரை மாணவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான். அரிப்பு நின்ற மறுநாளே களிம்பையும் நிறுத்திவிடுகிறார்கள். அரிப்பு நின்றாலும் பூஞ்சை முழுதாகப் போயிருக்காது. உறையில் குறிப்பிட்டிருக்கும் நாள்கள் முழுவதும் பூச வேண்டும். குளித்ததும் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள். முடிந்தால் இரண்டு சோடிக் காலணிகளை மாற்றி மாற்றி அணியுங்கள். நனைந்த காலணி முழுதாகக் காய ஒரு நாளாவது வேண்டும். துண்டைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள். பாட்டிமார் அரைத்துப் பூசும் மருதாணியையும் மஞ்சளையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஈரமான விழுதை ஏற்கெனவே ஊறிப்போன விரலிடுக்கில் அப்பினால் அங்கே ஈரம்தான் கூடும்.

வளரும் வயதின் குதிகால்

"ஓடி முடித்தால் குதிகால் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்." உயர்நிலை ஒன்று, இரண்டு மாணவர்களிடம், அதிலும் காற்பந்து, கூடைப்பந்து ஆடுபவர்களிடம், இதை அடிக்கடி கேட்கலாம். உங்கள் வயதில் குதிகால் எலும்பு ஒரே துண்டாக இருப்பதில்லை. பின்பக்கத்தில் ஒரு பகுதி குருத்தெலும்பால் இணைந்து வளர்ந்துகொண்டிருக்கும். கெண்டைக்கால் தசையிலிருந்து வரும் தடித்த தசைநாண் அந்த இடத்தில்தான் வந்து பிடித்துக்கொள்கிறது. திடீரென்று உயரம் கூடும்போது எலும்பின் வேகத்துக்குத் தசை ஈடு கொடுப்பதில்லை. கயிறு இறுகுகிறது. ஒவ்வொரு குதிப்பிலும் குருத்தெலும்பு இழுபடுகிறது, வலிக்கிறது.

இதை 1912இல் விவரித்த அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் சீவரின் பெயரால் சீவர் நோய் என்கிறார்கள். நோய் என்ற சொல்லே பொருந்தாது. இது வளர்ச்சியின் ஒரு கட்டம். ஏறத்தாழ 15 வயதில் எலும்பு ஒன்றாக இணைந்ததும் வலி போய்விடும். அதுவரை என்ன செய்வது? பாதநல நிபுணர் கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுப்பார். காலணிக்குள் குதிகாலைச் சற்று உயர்த்தும் மெத்தை வைப்பார். எவ்வளவு ஆடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று உங்களோடு பேசி முடிவெடுப்பார். ஆட்டத்தையே விட்டுவிடச் சொல்வது அபூர்வம்.

அதற்காக எல்லா வலியையும் வளரும் வலி என்று விட்டுவிடாதீர்கள். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, வீக்கத்தோடு வரும் வலி, நொண்டி நடக்கவைக்கும் வலி ஆகியவற்றை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தட்டைப் பாதத்தைப் பற்றிப் பெற்றோர் அதிகம் கவலைப்படுகிறார்கள். ஈரக் காலோடு தரையில் நின்று பார்த்தால் உள்பக்க வளைவு தெரியாமல் முழுப்பாதமும் பதிகிறதா? சரி, இப்போது குதிகாலைத் தூக்கி முன்னங்காலில் நில்லுங்கள். வளைவு தோன்றினால் உங்களுடையது நெகிழும் தட்டைப் பாதம். வலி இல்லையென்றால் பெரும்பாலும் அதற்கு எதுவும் செய்யத் தேவையில்லை. வலி இல்லாத பிள்ளைக்கு விலையுயர்ந்த காலணி மெத்தை வாங்கும் பணத்தில், அளவு பொருந்திய ஒரு சோடி நல்ல காலணி வாங்கலாம் என்பது என் எண்ணம். டிசம்பரில் பள்ளிக் காலணி வாங்கும்போது "அடுத்த வருஷமும் ஆகும்" என்று இரண்டளவு பெரிதாக எடுக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. உள்ளே வழுக்கும் கால் கொப்புளம் போடும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். சாயங்காலத்தில் வாங்குங்கள்; நாள்முழுதும் நின்ற கால் அப்போது சற்றே பருத்திருக்கும்.

கொல்லிமலையில் பிறந்த மருத்துவர்

இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. காலாணி வலிக்கிறது, நகம் வலிக்கிறது, குதிகால் வலிக்கிறது. அதனால்தான் நொண்டுகிறோம், உட்காருகிறோம், யாரிடமாவது காட்டுகிறோம். அந்த வலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டில் பணியாற்றிய ஒரு மருத்துவர் உலகத்துக்கு விளக்கினார்.

பால் பிராண்ட் 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில், ஆங்கிலேயச் சமயப் பணியாளர்களின் மகனாகப் பிறந்தார். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அன்று தொழுநோயாளிகளின் விரல்கள் நோயாலேயே அழுகி விழுகின்றன என்றுதான் பெரும்பாலோர் நம்பினார்கள். பிராண்டுக்குச் சந்தேகம். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. தொழுநோய் கண்ட ஒரு சிறுவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருகித் திறந்துவிட்டான். இவனுக்கு எப்படி இவ்வளவு பலம் என்று கையைப் பார்த்தால், சாவி விரலை எலும்புவரை வெட்டியிருந்தது. சிறுவனுக்கு அது தெரியவே இல்லை.

பிராண்டுக்கு விஷயம் புரிந்தது. நோய் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை அழிக்கிறது. அதன் பிறகு நடக்கும் சேதத்தில் பெரும்பகுதி சாதாரணக் காயங்களால் வருகிறது. சூடான பாத்திரம், காலணிக்குள் ஒரு கல், ஒரே இடத்தில் மணிக்கணக்கான அழுத்தம். வலி இருந்தால் நாம் கையை உதறியிருப்போம், காலை மாற்றி வைத்திருப்போம். சிலருடைய விரல்கள் இரவோடு இரவாகக் காணாமல்போன மர்மத்தையும் அவருடைய குழு கண்டுபிடித்தது. தூங்கும்போது எலிகள் கடித்திருக்கின்றன. நோயாளிகள் விழித்துக்கொள்ளவில்லை.

1960களில் அமெரிக்காவுக்குப் போன பிராண்ட், கார்வில் என்ற ஊரின் தொழுநோய் மருத்துவமனையில் பணியைத் தொடர்ந்தார். அங்கே நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைப் பார்த்தபோது அவருக்கு வேலூரில் கண்ட பாதங்களே நினைவுக்கு வந்தன. நோய் வேறு, ஆனால் சேதம் நடக்கும் விதம் ஒன்று.

வலிக்காத கால்

இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தால் நரம்புகள் பழுதடைகின்றன. உடலிலேயே மிக நீளமான நரம்புகள் பாதம்வரை போகின்றவை. அவைதாம் முதலில் பாதிக்கப்படுகின்றன. கூடவே காலுக்குப் போகும் இரத்தக் குழாய்களும் குறுகுவதால் காயம் ஆறும் வேகமும் குறைகிறது. புண் ஏற்பட்டால் தெரியாது. தெரிந்தாலும் எளிதில் ஆறாது. நீரிழிவு உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர்வரை வாழ்நாளில் ஒருமுறையாவது பாதப் புண்ணுக்கு ஆளாகக்கூடும்.

நம் ஊரில் இது வெகு தொலைவில் நடக்கும் விஷயமன்று. 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி சிங்கப்பூரில் 18 முதல் 69 வயதுக்குட்பட்ட இந்தியர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு நீரிழிவு இருந்தது. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. உங்கள் வகுப்பில் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். தாத்தா, பாட்டி, மாமா, பெரியம்மா என்று யாராவது ஒருவருக்காவது இருக்கும்.

ஆணி குத்திய மறுநாளே அப்பாவைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப்போனேன். மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்து, தசைவிறைப்பு ஊசி போட்டு, பாதநல நிபுணரிடம் அனுப்பினார். அவர் கையில் இருந்த கருவி என்ன தெரியுமா? ஒரு துண்டு நைலான் இழை. தூண்டில் நரம்புபோல் இருந்தது.

பார்க்க அற்பமாகத் தோன்றும் அந்த இழைக்குள் அழகான இயற்பியல் இருக்கிறது. இழையின் நுனியைத் தோலில் வைத்து அழுத்தினால், விசை 10 கிராம் எடைக்கு ஈடாகும்போது அது வளைந்துவிடும். எவ்வளவு முரட்டுத்தனமாக அழுத்தினாலும் இழை மேலும் வளையுமே தவிர, பாதத்தில் படும் விசை அதற்குமேல் கூடுவதில்லை. யார் சோதித்தாலும், எங்கே சோதித்தாலும் ஒரே அளவு. இதற்கு மூலம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய உடலியலாளர் ஃபான் ஃப்ரே என்பவர் முடிகளை வைத்துச் செய்த தொடு உணர்வுச் சோதனைகள். அந்த 10 கிராமை உணர முடியாத பாதம் தன்னைத்தானே பாதுகாத்துக்கொள்ள முடியாத பாதம் என்று கருதப்படுகிறது.

அப்பாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். தொடுவது தெரிந்தால் "ஆம்" என்று சொல்ல வேண்டும். இழை கட்டைவிரலில் வளைந்தது. பிறகு நடுவிரலில், பிறகு முன்பாதத்தில். அறை அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா கண்ணை மூடியபடியே கேட்டார், "எப்போ ஆரம்பிக்கப் போறீங்க?"

நான் சன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்து நிபுணர் பேனா போன்ற ஒரு கருவியை அப்பாவின் கணுக்காலின் உள்பக்கம் வைத்தார். 'உஷ், உஷ்' என்று இரத்தம் ஓடும் ஓசை கேட்டது. ஆம்புலன்ஸ் நெருங்கும்போது ஒலி மாறுவதை விளக்கும் அதே டாப்ளர் விளைவு. இங்கே நகர்வது இரத்த அணுக்கள். ஓட்டம் நன்றாக இருக்கிறது, புண் ஆறும் என்றார். ஆறியது, ஐந்து வாரத்தில். இப்போது அப்பா வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் நடக்கிறார். காலணியைப் போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கிறார். தினமும் இரவில் அம்மா அவருடைய உள்ளங்காலைப் பார்க்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை உண்டு.

பாதநல நிபுணர் பொது மருத்துவர் அல்லர். இயன்முறைச் சிகிச்சையாளரைப்போல், பாதத்துக்கும் கணுக்காலுக்கும் என்றே தனிப் பட்டப்படிப்பு படித்தவர். அரசாங்க மருத்துவமனைகளிலும் பலதுறை மருந்தகங்களிலும் இருக்கிறார்கள். முதலில் மருந்தக மருத்துவரைப் பார்த்தால் அவர் பரிந்துரைப்பார். திடலோரத்து மாணவரும் அப்படித்தான் போனார். நகத்தின் ஓரத்தை எடுத்தாயிற்று, மறுபடியும் ஓடுகிறார்.

வீட்டில் செய்ய ஒரு சோதனை

நைலான் இழை உங்களிடம் இருக்காது. விரல் இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவாக்கப்பட்ட இந்தச் சோதனைக்கு அது போதும். நீரிழிவு உள்ள தாத்தாவையோ பாட்டியையோ காலுறை இல்லாமல், கால்களை நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள். எது வலது கால், எது இடது கால் என்று முதலில் தொட்டுச் சொல்லிவிடுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொள்ளட்டும்.

உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியால் அவருடைய கால்விரல் நுனியை இறகு பட்டதுபோல் மெதுவாக, ஓரிரண்டு நொடி தொடுங்கள். வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். இதே வரிசை. தொட்டது தெரிந்ததும் "வலது" அல்லது "இடது" என்று அவர் சொல்ல வேண்டும். தட்டாதீர்கள், குத்தாதீர்கள், தடவாதீர்கள். பதில் வராவிட்டால் அதே விரலை இரண்டாம் முறை தொடாதீர்கள். உணரவில்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த விரலுக்குப் போங்கள்.

ஆறில் இரண்டோ அதற்கு மேலோ உணரவில்லை என்றால் அந்தப் பாதங்களில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். அடுத்த மருந்தகச் சந்திப்புவரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஆறும் தெரிந்துவிட்டால் மகிழ்ச்சி. எழுந்திருப்பதற்குள் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாட்டியால் அவ்வளவு தூரம் குனிய முடியாது. உங்களால் முடியும்.